கல்லூரி மாறும் மாணவரும் கூட வராத பணமும்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய பிள்ளை, தான் அனுப்பப்பட்ட வளாகத்திலேயே இருந்து பட்டம் பெற்று வெளிவருதல் நம் நாட்டின் பெருவழக்கு. இடையிலே வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர் மிகச் சிலரே. ஐக்கிய அமெரிக்காவின் நிலைமை இதற்கு முற்றும் வேறானது. அந்நாட்டுக் காங்கிரஸின் கீழ் இயங்கும் கணக்காய்வு அலுவலகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, 2004 முதல் 2009 வரையான காலத்தில் கல்லூரி மாணவருள் ஏறத்தாழ 35 சதவீதத்தினர் ஒரு முறையேனும் கல்லூரி மாறியிருக்கின்றனர். வகுப்பில் மூவர் அமர்ந்திருந்தால் அவருள் ஒருவர் வேறிடம் செல்பவர் என்று கொள்ளலாம்.

இதற்குக் காரணம் அமைதியின்மையோ அலைமனமோ அன்று. இரண்டாண்டுக் கல்வி மட்டும் அளிக்கும் சமுதாயக் கல்லூரிகள் அந்நாடெங்கும் உள்ளன. அவற்றுள் முதலாவது, இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம். முதல் இரண்டாண்டை அங்கே கழித்து, எஞ்சிய இரண்டாண்டைப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிற் கற்றுப் பட்டம் பெறுதல், பொருள் வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அமைந்த ஏணி. அங்கு குடியேறியுள்ள நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இவ்வேணியில் ஏறுகின்றனர். ஏறும் வேளையில் தாய் தந்தையர் கேட்கும் வினா ஒன்றே: “இதுவரை கிடைத்த உதவிப்பணம் பிள்ளையோடு கூடப் போகுமா?”

சிலது போகும், சிலது நின்றுவிடும், சிலது போகும்போதே தேய்ந்துவிடும். எது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அப்பணம் யாரோடு பிணைக்கப்பட்டது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

பழைய காலத்து உபகாரச் சம்பளங்கள் யாவும் கல்லூரியோடு பிணைக்கப்பட்டவை. 1643ஆம் ஆண்டில் ஆன் றட்கிளிப் என்னும் ஆங்கில மாது ஹாவர்ட் கல்லூரிக்கு நூறு பவுண் அளித்தார். அமெரிக்க மண்ணில் மாணவருக்கென ஏற்பட்ட முதல் அறக்கொடை அதுவே என்பர். அப்பணம் ஹாவர்டிலே கற்பவனுக்கு உரியது. அவன் வேறிடம் சென்றால் அதன் பயனை அடுத்தவன் பெறுவான்.

நம் யாழ்ப்பாணத்திலும் இவ்வகைக்கு விநோதமான ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே கற்ற பிள்ளைகளின் செலவுக்கு அமெரிக்காவிலுள்ள தருமவான்கள் பணம் அனுப்பினர். பணம் தந்தவரின் பெயரையோ அவர் விரும்பிய ஒருவரின் பெயரையோ பிள்ளைக்குச் சூட்டுவது அக்கால வழக்கம். கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என நாம் படிக்கும் பெயர்களின் முற்பாதி அவ்வாறு வந்ததே. செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆயினும் பெயர் மறையவில்லை. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தலைவராக விளங்கிய நெவின்ஸ் செல்வத்துரை அவர்கள், சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரியிலிருந்துகொண்டே தந்தையார் வழிவந்த அப்பெயரைத் தாங்கி நின்றார். கொடுத்தவருடைய பணம் ஓரிடத்தில் நின்றுவிட, அவருடைய பெயர் மட்டும் தலைமுறை கடந்து நடந்தது என்பதை எண்ணுங்கால் வியப்பே உண்டாகின்றது.

பணத்தை மாணவனோடு பிணைக்கும் எண்ணம் பெரிய அளவில் உருப்பெற்றது இரண்டாம் மகாயுத்தத்தின் இறுதியிலேயாம். ஜனாதிபதி றூஸ்வெல்ற் 1944 ஜூன் 22ஆந் திகதி கைச்சாத்திட்ட படைவீரர் சட்டம், யுத்தத்திலிருந்து மீண்டோர் தாம் விரும்பிய, அங்கீகாரம் பெற்ற எக்கல்லூரியிலும் கற்கலாம் என்றும், ஆண்டுக்கு 500 டொலர் வரையான கட்டணத்தை அரசாங்கமே செலுத்தும் என்றும் விதித்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு கல்லூரி வாயிலை மிதித்தனர். படைவீரருக்குக் கிட்டிய இவ்வாய்ப்பு ஏனைய ஏழை மாணவருக்குக் கிட்ட மேலும் இருபதாண்டு ஆயிற்று. கடன்பட்டும், சிறு தொழில்கள் செய்தும், பணம் போதாமையால் இடையிலே ஓராண்டளவு படிப்பை நிறுத்திக் கொற்றுல்லா என்ற சிற்றூரில் மெக்சிக்க ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தும் பட்டம் பெற்றவர் லிண்டன் ஜோன்சன். அவர் ஜனாதிபதியானபின், 1965 நவம்பர் 8ஆந் திகதி, தாம் கற்ற டெக்சாஸ் கல்லூரிக்கே சென்று உயர்கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார்.

பின்னர் 1972ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான விவாதம் எழுந்தது. சமஷ்டி அரசாங்கத்தின் பணத்தைக் கல்லூரிகளிடம் கொடுப்பதா, மாணவரிடம் கொடுப்பதா? கல்லூரிகளுக்கே நேராகக் கொடுத்தல் வேண்டுமென வாதாடினார் ஒறிகன் மாநிலப் பிரதிநிதியான ஈடித் கிறீன் அம்மையார். மாணவரிடமே கொடுத்தல் வேண்டுமென நின்றார் றோட் ஐலண்ட் மாநிலச் செனற்றர் கிளெய்போன் பெல். வென்றது பெல்லின் கட்சி. முதலாண்டில் ஒருவருக்கு மிகக் கூடிய தொகையாக 452 டொலரே அளிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அம்மானியத்துக்குப் பெல்லின் பெயரே இடப்பட்டது. 2024–25, 2025–26 ஆகிய கல்வியாண்டுகளில் அதன் உச்சத்தொகை 7,395 டொலர். இது கடனன்று; திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரி மாறினாலும் மாணவனுக்குரிய உரிமை அழிவதில்லை. ஐம்பதாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு விவாதத்தின் முடிவு, இன்று பெட்டி படுக்கையுடன் புறப்படும் ஒரு பிள்ளைக்குத் துணைநிற்கின்றது.

உரிமை அழிவதில்லை என்றோமேயன்றி, பணம் தானே நடந்துபோகும் என்று கூறவில்லை. இங்கேதான் பலர் இடறுகின்றனர். ஆண்டுதோறும் நிரப்பவேண்டிய சமஷ்டி உதவி விண்ணப்பம் ஒன்றே. அதனை அங்கு ‘பாப்சா’ என்பர். கல்லூரி மாறுவதற்காகப் புதிதாக ஒன்றை நிரப்பவேண்டியதில்லை. ஆனால், முன்னர் சமர்ப்பித்த விண்ணப்பத்திலே புதிய கல்லூரியின் குறியீட்டு இலக்கத்தைச் சேர்த்தாக வேண்டும். 2024–25ஆம் ஆண்டுக்கான விண்ணப்பத்திலிருந்து இருபது கல்லூரிகள் வரை குறிப்பிட இடமுண்டு. குறியீடு சேர்க்கப்படாதவரை புதிய கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு அம்மாணவன் யாரென்றே தெரியாது. அனுமதிப் பிரிவினர் ‘வருக’ என்று கடிதம் எழுதியிருப்பர். நிதிப் பிரிவினரிடம் ஒரு தாளும் இராது. பழைய கல்லூரியிலும் தான் விலகுவதை அறிவித்து, வரவிருக்கும் தவணைக்கென ஒதுக்கிய உதவியை நீக்கச் செய்தல் அவசியம்; ஒரே காலத்துக்கு இரண்டு கல்லூரிகளிற் பெல் மானியம் பெற விதியில்லை.

ஆண்டின் நடுவே மாறுவோர் மற்றொன்றையும் கவனித்தல் நன்று. முழு மானியத்துக்கு உரித்தான ஒரு மாணவி முதலாந் தவணையில் அதன் பாதியைப் பெற்றுவிட்டாளாயின், புதிய கல்லூரியில் இரண்டாந் தவணைக்கு எஞ்சியிருப்பது மற்றப் பாதியே. புதிய கல்லூரியின் கட்டணம் பழையதைப்போல் மும்மடங்காயினும் உச்சத்தொகை ஒரு சதமும் உயராது. சமஷ்டிக் கடனின் ஆண்டெல்லையும் இவ்வாறே: இலையுதிர் காலத்தில் எடுத்தது போக மிகுதியே வசந்த காலத்துக்கு.

தவணை முடியுமுன் இடையில் விலகுதல் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பதினைந்து வாரத் தவணையில் ஆறு வாரம் கற்று விலகியவன், அத்தவணைக்குரிய உதவியில் 40 சதவீதத்தையே ஈட்டியவனாகக் கணிக்கப்படுவான். மிகுதியைச் சட்டப்படி திருப்பவேண்டும். 60 சதவீதக் காலத்தைக் கடந்துவிட்டால் முழுவதும் அவனுக்கு உரியதாகும். திருப்பும் பொறுப்பிற் பெரும்பகுதியைக் கல்லூரி ஏற்றுப் பணத்தை அனுப்பிவிட்டு, கட்டணப் பாக்கி என்று மாணவன்மேற் கணக்கெழுதும். பாக்கி தீரும்வரை பெறுபேற்றுச் சான்றிதழை வழங்க மறுத்தல் பல கல்லூரிகளின் நெடுங்காலப் பழக்கம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதியொன்று அதனை ஓரளவு கட்டுப்படுத்தியது. சான்றிதழின்றிப் புதிய கல்லூரி பழைய பாடங்களை ஏற்காது. ஆகவே ஒன்பதாம் வாரத்துக்கு முன் பொறுமையிழந்து விலகும் பிள்ளைக்கு, இன்னும் சில வாரம் பொறுத்துத் தவணையை முடித்துவிட்டுப் போகும்படி பெற்றோர் எடுத்துரைத்தல் வேண்டும்.

சமஷ்டி அரசாங்கத்தின் பணமாயினும் எல்லாம் மாணவனோடு பிணைந்ததன்று என்பதும் அறியத்தக்கது. வேலை செய்து படிக்கும் திட்டமும், மிக வறியோருக்கான மேலதிக மானியமும் கல்லூரிகளுக்கு மொத்தமாக ஒதுக்கப்பட்டு, அவற்றின் கையாலே பங்கிடப்படுபவை. பழைய கல்லூரியின் நூலகத்திலே புத்தகம் அடுக்கிச் சம்பளம் பெற்றவனுக்குப் புதிய கல்லூரியில் அவ்வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முந்தி வந்தோருக்கே பங்கு என்று நடத்தும் கல்லூரிகளும் உள. கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து அளிக்கும் திறமைப் பரிசிலோ பழைய ஹாவர்ட் பணத்தின் வழிவந்தது. வாயிலைத் தாண்டினால் முடிந்தது. மாறிவரும் மாணவருக்கெனத் தனிப் பரிசில் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டாயினும், அவற்றுக்குத் தனி விண்ணப்பமும் தனி முடிவுத் திகதியும் உண்டு.

மாநிலங்களின் உதவி அவற்றின் எல்லைக்குட்பட்டது. கலிபோர்ணியா தன் மானியத்தைக் கலிபோர்ணியக் கல்லூரிகளிற் கற்போருக்கே வழங்கும். அங்குள்ள சமுதாயக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு ஏறுவோருக்கென ஒரு தனிப் பிரிவும் வைத்திருக்கின்றது. ஜோர்ஜியா மாநிலம் 1993ஆம் ஆண்டு முதல் லொத்தர் வருமானத்தைக் கொண்டு ‘ஹோப்’ பரிசிலை நடத்துகின்றது. அதனைப் பெற்றவர் அம்மாநிலத்துக்குள்ளே கல்லூரி மாறலாம். எல்லை கடந்து அலபாமாவுக்குச் சென்றால் ஒரு டொலரும் கூடச் செல்லாது. லொத்தரும் உயர்கல்வியும் கைகோத்தல் நமக்குப் புதிதன்று. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால், லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியில் ஏற்பட்ட மகாபொல நம்பிக்கை நிதியத்துக்கும் லொத்தர்ப் பணம் சேர்ந்து வந்திருக்கின்றது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலக் கொடுப்பனவு மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 1945 முதல் கட்டணமில்லாக் கல்வி நிலவும் நம் நாட்டிலே இத்தொகை அறை வாடகைக்கும் சோற்றுக்கும் உரியது. அமெரிக்க மாணவனுக்கோ உதவிப்பணமே வகுப்பறைக் கதவின் திறவுகோல். ஆகையால் அது தவறினால் அவன் படிப்பே தவறும்.

இனி, யாவரும் கவனியாது விடும் இழப்பொன்றைக் கூறவேண்டும். அது பாட அலகுகளின் இழப்பு. மேற்கூறிய 2017ஆம் ஆண்டு அறிக்கை, கல்லூரி மாறியோர் தாம் ஈட்டிய அலகுகளிற் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தனர் என மதிப்பிட்டுள்ளது. பெற்ற அறிவு போகவில்லை. புதிய கல்லூரி அதனைத் தன் பட்டக் கணக்கிற் சேர்க்க மறுத்தது. இதனாற் பணத்துக்கு நேரும் கதியை ஒரு கணக்கால் விளக்குவோம்.

பெற்றோரைச் சார்ந்து வாழும் ஒரு மாணவியை மனத்திற் கொள்க. அவள் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு கற்று 60 அலகு ஈட்டினாள். முதலாண்டுக்கான சமஷ்டிக் கடன் எல்லை 5,500 டொலர். இரண்டாம் ஆண்டுக்கு 6,500. மூன்றாம் ஆண்டு முதல் 7,500. பட்டம் பெறும்வரை மொத்தம் 31,000. இரண்டாண்டில் அவள் 12,000 டொலர் கடன் பெற்றுள்ளாள். பல்கலைக்கழகம் அவளுடைய 60 அலகில் 26ஐத் தள்ளி 34ஐ ஏற்கின்றது. பட்டத்துக்கு 120 வேண்டும், எஞ்சியவை 86. தவணைக்குப் பதினைந்தாகக் கற்றாலும் ஆறு தவணை, அதாவது மூன்றாண்டு செல்லும். ஏற்கப்பட்ட அலகின்படி அவள் இன்னும் இரண்டாம் ஆண்டு மாணவியே. ஆதலால் அவ்வாண்டில் 6,500 டொலர்தான் பெறலாம். அடுத்த ஆண்டு 7,500. இப்போது கூட்டுத்தொகை 26,000. இறுதியாண்டில், கட்டணம் மிக உயர்ந்து நிற்கும் வேளையில், அவளுக்கு எஞ்சியிருப்பது 5,000 டொலரே.

பெல் மானியமும் எல்லையற்றதன்று. வாழ்நாள் முழுவதிலும் பன்னிரண்டு முழுத் தவணைக்கே அதனைப் பெறலாம். மேற்கூறிய மாணவி நான்கு தவணை செலவழித்தவள், ஆறு வேண்டும், இரண்டு மிஞ்சும். அவளுக்குக் குறையில்லை. ஆனால் பாடத்துறையைத் தீர்மானிக்க இயலாமற் சமுதாயக் கல்லூரியிலே ஆறு தவணையைக் கழித்தவளுக்கு மிச்சமென்று ஒன்றுமில்லை. ஒரு தவணையில் நோயுற்றாலும் கணக்குப் பிழைக்கும்.

எனவே எந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதை மாறுவதற்கு முன்னரே எழுத்தில் பெறவேண்டும். பல மாநிலங்களிற் சமுதாயக் கல்லூரிகளுக்கும் அரச பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பாட இணக்க உடன்படிக்கைகள் உள்ளன. அவற்றின்படி பாடங்களைத் தெரிந்தவன் இழப்பது சிறிது. பொதுவாக ‘ஏற்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லை நம்பி மகிழ்தல் ஆகாது. விருப்பப் பாடமாக ஏற்கப்பட்டதா, பட்டத்துக்குரிய கட்டாயப் பாடமாக ஏற்கப்பட்டதா என்று வினவுதல் வேண்டும். நம்மவர் பலர் இத்தகைய வினாக்களைக் கேட்கக் கூசுகின்றனர். அலுவலரைத் தொந்தரவு செய்கின்றோமோ என்ற எண்ணம் நம்மிடம் மிக உண்டு. அந்நாட்டிலே வினவாதவனுக்கு ஒருவரும் வலிய வந்து கூறார்.

குடும்ப நிலைமை மாறிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாப்சா விண்ணப்பம் இரண்டாண்டுக்கு முந்திய வருமானத்தைக் கொண்டே கணிக்கின்றது. இடையில் தந்தை வேலை இழந்திருக்கலாம். மருத்துவச் செலவு வந்திருக்கலாம். அவற்றைக் கருதிக் கணக்கைத் திருத்த நிதியுதவி அலுவலருக்குத் தற்றுணிபு அதிகாரம் உண்டு. ஆயின் பழைய கல்லூரியின் அலுவலர் இரங்கிச் செய்த திருத்தம் புதிய கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. சான்றுகள் யாவற்றையும் மீண்டும் எடுத்துச் சென்று முதலிலிருந்து முறையிட வேண்டியதே. ஆகவே பத்திரங்களின் பிரதிகளைப் பழைய கல்லூரியிற் கொடுத்தபோதே ஒரு தொகுதி வீட்டிலும் வைத்திருத்தல் புத்தி.

கடன் பெற்ற மாணவர் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே விடும் இடைவெளியையும் அளந்து கொள்ளல் வேண்டும். கல்லூரியை விட்டபின் ஆறு மாதம் வரை தவணைப்பணம் கேட்கப்படாது. மே மாதத்தில் ஓரிடத்தை விட்டுச் செப்டெம்பரில் மற்றோரிடத்திற் சேர்பவனுக்கு இதனாற் கவலையில்லை. அடுத்த ஜனவரி வரை ஓய்ந்திருந்தாலோ சலுகைக் காலம் கடந்து, கடன் திருப்பும் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். பின்னர் அரைநேர மாணவனாகவேனும் பதிந்தால் கடன் ஒத்திவைக்கப்படும். செலவழிந்த ஆறு மாதச் சலுகை அக்கடனுக்கு மீண்டும் கிடையாது.

இங்கிருந்து மாணவர் விசாவிற் செல்லும் நம் பிள்ளைகளுக்கு மேற்கூறிய சமஷ்டி மானியமும் கடனும் இல்லை. அவை அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கும் வேறு சில குறித்த வகுப்பினருக்குமே உரியவை. நம் பிள்ளைகள் பெறுவது பெரும்பாலும் கல்லூரியின் சொந்தப் பரிசில். அது கூட வராது. மாற விரும்புபவர், புதிய கல்லூரி தரும் பரிசிலின் தொகை, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா, எந்தப் புள்ளித்தரத்துக்குக் கீழே இறங்கினால் நின்றுபோகும் என்பவற்றைக் கடிதமாகப் பெற்ற பின்னரே பழைய கல்லூரிக்கு விலகலை அறிவித்தல் வேண்டும். அதன்பின் பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலர், விசாப் பதிவைப் புதிய கல்லூரிக்கு விடுவிக்கும் திகதி ஒன்றைக் குறிப்பார். அத்திகதி கடந்தால் பழைய இடத்திற் படிக்கவோ வேலை செய்யவோ உரிமை இராது. புதிய கல்லூரி ஐ-20 பத்திரத்தை வழங்கும். அடுத்து வரும் கல்வித் தவணையில், ஐந்து மாதத்துக்கு மேற்படாமல் வகுப்பிற் சேர்ந்தாக வேண்டும். புதிய கல்லூரி அப்பத்திரத்தை எழுதுமுன், முதலாண்டுச் செலவுக்குரிய பணம் இருப்பதற்கான வங்கிச் சான்றை மறுபடியும் கேட்கும். இங்குள்ள வங்கியிலிருந்து அதனைப் பெற்று அனுப்பச் சில வாரம் செல்லக்கூடுமாதலால், பெற்றோர் அதனை மகனுடைய கடிதம் வந்த அன்றே தொடங்குதல் நன்று.